ஆறாத புண்: அழற்சியும் புற்றுநோயும் பற்றிய கருத்தின் வரலாறு – அடம்பனிலிருந்து ஒரு நோக்கு

1

நோயின் வரலாறு மருத்துவருக்கு மாத்திரம் உரியது என்ற எண்ணம் எமது ஆய்வுலகில் இன்னமும் செல்வாக்குடன் இருந்து வருகின்றது. கொள்ளைநோய்களைப் பொறுத்தவரை இந்நிலை ஓரளவு மாறியுள்ளது. வாந்திபேதியும் மலேரியாவும் பஞ்சத்தோடும் குடியேற்றத்தோடும் இணைத்து நோக்கப்படுகின்றன. ஆனால் புற்றுநோய் என்று வந்ததும், அது தனிமனித உடலுக்குள், அதுவும் ஒரு தனிக் கலத்தினுள் தற்செயலாக நேர்ந்துவிடும் விபத்தாகவே கொள்ளப்படுகின்றது. ‘விதி’ என்று கூறும் கிராமத்து மூதாட்டியும், ‘பரம்பரையலகுப் பிறழ்வு’ என்று மாத்திரம் கூறி அமையும் படித்தவரும் இவ்விடயத்தில் அதிக தூரம் விலகி நிற்கவில்லை. இருவருடைய விளக்கத்திலும் நோயாளி தனியன். அவனது தொழிலுக்கும் உணவுக்கும் ஊருக்கும் அங்கு இடமில்லை.

புற்றுக்கலத்தை அது வாழும் சூழலோடு சேர்த்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும் என்ற மாற்றுக் கருத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே தோன்றியது. இடையில் அது மங்கியது. கடந்த நாற்பது ஆண்டுகளில் மீண்டும் நிலைபெற்றது. நாட்பட்ட அழற்சி புற்றுநோயின் வளர்ச்சிக்குத் துணைநிற்கின்றது என்பதும், கலங்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் சைற்றோகைன்கள் என்னும் சிறு புரதங்கள் அதில் முதன்மையான பங்கு வகிக்கின்றன என்பதும் இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிபுகளாகும். இக்கருத்தின் வரலாற்றைச் சுருங்க நோக்கி, அதனை ஒரு கமக்காரக் கிராமத்தின் வாழ்வோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கிராமம் அடம்பன். மன்னார்த் தீவுக்குக் கிழக்கே, பெருநிலப்பரப்பில், மாந்தை மேற்குப் பிரதேசத்தில், கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளையும் ஊர்களுள் அது ஒன்று. நாம் எடுத்துக்கொள்ளும் நோய் வாய்ப்புற்றுநோய். இலங்கையில் ஆண்களிடையே பதிவாகும் புற்றுநோய்களுள் முதன்மை பெறுவது இதுவே. அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் இடையிலுள்ள தொடர்பை எம்மண்ணில் இதனைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை எனலாம்.

2

வெற்றிலை தமிழர் வாழ்வில் பெறும் இடத்தை இலக்கிய மாணவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் ஆயர் இல்லத்திலே கோவலன் உண்ட இறுதி உணவின் பின்னர் கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளிக்கின்றாள். திருமணத்தை உறுதிசெய்தலைத் தாம்பூலம் மாற்றுதல் என்றே வழங்குகிறோம். எனினும் கண்ணகி மடித்துக் கொடுத்த வெற்றிலையிற் புகையிலை இருந்திருக்க முடியாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயரின் வருகைக்குப் பின்னரே அது எமது நிலத்தை அடைந்தது. பண்பாட்டின் மாறாத மரபு என நாம் கருதும் ஒன்றினுள்ளும் வணிக வரலாறு புகுந்திருப்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பாக்கின் வரலாறும் இத்தகையதே. கமுகு ஈரவலயத்து மரம். இலங்கைப் பாக்கு தென்னிந்தியக் கரைக்கு ஏற்றுமதியாகிய பெரும் பண்டங்களுள் ஒன்றாக விளங்கியது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பனி அவ்வணிகத்தைத் தன் தனியுரிமையாக்க முயன்றதை வரலாற்றாசிரியர் எஸ். அரசரத்தினத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. மன்னாரின் வரண்ட நிலம் கமுகுக்கு உரியதன்று. ஆகவே அடம்பன் கமக்காரரின் மடியிலிருக்கும் பாக்கு, அவரது நிலத்தில் விளைந்த பொருளன்று. சந்தையின் வழியே வந்து சேர்ந்த பண்டம்.

புகையிலையோ யாழ்ப்பாணக் குடாநாட்டின் காசுப்பயிர். அதன் பெருஞ்சந்தையாக நெடுங்காலம் விளங்கியது திருவிதாங்கூர். நிலவுடைமையாளரும் வணிகரும் அதனாற் செல்வம் திரட்டினர். இச்செய்தியோடு இன்னொரு செய்தியையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். திருவிதாங்கூரின் தமிழ் வழங்கும் தென்பகுதியிலுள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையிற் பணியாற்றிய அயன் ஓர், வெற்றிலை மெல்லுவோரிடையே காணப்பட்ட வாய்ப்புற்றுநோய் பற்றி 1933 இல் இலண்டன் மருத்துவ ஏடான ‘லான்செற்’றில் எழுதினார். அதற்கு முன்னரே, 1902 இல், சென்னையில் நிப்லொக் என்ற மருத்துவர் இத்தொடர்பினைச் சுட்டியிருந்தார். பண்டம் சென்ற வழியும் நோய் பதிவான இடமும் ஒரே வரைபடத்தில் அடங்குகின்றன.

வயலில் வெற்றிலை எவ்விடத்தைப் பெறுகின்றது? நாற்று நடுகையிலும் அரிவி வெட்டிலும் முதுகு நிமிராது உழைப்போருக்கு அது விருந்துபசாரமன்று. வேலையின் ஒரு பகுதி. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற காரப்பொருள் நரம்புத் தொகுதியைத் தூண்டுவது. சோர்வையும் பசியையும் சிறிது நேரம் மறக்கச் செய்வது. உணவுக்கும் ஓய்வுக்கும் உரிய நேரத்தைக் கூலி முறை குறைக்க, அந்த இடைவெளியை வெற்றிலைச் சரை நிரப்புகின்றது. மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே இப்பழக்கம் ஆழ வேரூன்றியிருப்பதும் இதே காரணம் பற்றியேயாகும்.

3

இனி, கருத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1775 இல் இலண்டன் அறுவை மருத்துவர் பேர்சிவல் பொற், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்யும் தொழிலாளரிடையே விதைப்பையிற் புற்றுநோய் தோன்றுவதையும், அதற்குக் கரி ஒட்டிய தோலே காரணம் என்பதையும் எடுத்துக் காட்டினார். புற்றுநோய்க்குப் புறவுலகிற் காரணம் தேடிய தொடக்ககால அறிவியல் முயற்சிகளுள் இது தலையாயது. அந்நோயாளர் சிறுவயதிலேயே புகைபோக்கிக்குள் ஏற்றப்பட்ட ஏழைகள் என்பது தற்செயலன்று.

இவ்வகையில் அடுத்து நோக்கத்தக்கவர் ஜேர்மனியரான றுடோல்ஃப் விர்ஷோ. 1848 இல் பிரஷ்ய அரசு அவரை மேல் சைலீசியாவில் நிலவிய தைபஸ் கொள்ளைநோயை ஆராய அனுப்பியது. வறுமையையும் கல்வியின்மையையும் ஆட்சிமுறையையும் நோயின் காரணங்களாகக் காட்டிய அறிக்கையோடு அவர் திரும்பினார். அதே ஆண்டிற் பேர்ளின் வீதிகளில் எழுந்த தடையரண்களிலும் அவர் நின்றார். அவர் மார்க்சியரல்லர், தாராண்மைவாத சனநாயகவாதி. எனினும் நோயைச் சமூக உறவுகளின் விளைவாக நோக்கியவர். 1863 இல் வெளியான, கட்டிகள் பற்றிய விரிவுரைத் தொகுதியில், நாட்பட்ட உறுத்தலுள்ள இடங்களிற் புற்று எழுவதை அவர் வலியுறுத்தினார். கட்டியின் இழையங்களில் வெண்குருதிக்கலங்கள் காணப்படுவதையும் அழற்சியோடு இணைத்துக் கருதினார். புற்றுநோய்கள் தொடுப்பிழையத்திலிருந்து பிறக்கின்றன என்று அவர் கொண்டமை தவறென்பது விரைவிலேயே நிறுவப்பட்டது. அத்தவறு அவரது அடிப்படை நோக்கினையும் சேர்த்துப் பின்தள்ளுவதற்கு உதவியது.

1889 இல் ஸ்ரீபன் பஜற், புற்றுக்கலத்தை விதைக்கும் அது பரவும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். எவ்விதையும் எந்நிலத்திலும் முளைப்பதில்லை என்பதை அடம்பன் கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1915 இல் யப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தார் பூசிப் புற்றுநோயைச் செயற்கையாகத் தோற்றுவித்தனர். 1941 இல் ஐசக் பெரென்புளும் ஒரு முக்கியமான பாகுபாட்டைச் செய்தார். புற்றுநோயைத் தோற்றுவிக்கும் பொருளை எலியின் தோலிற் சிறிதளவு பூசினாற் போதாது. அதன் பின்னர் உறுத்தும் எண்ணெயொன்றைத் திரும்பத் திரும்பப் பூசும்போதே கட்டிகள் பெருமளவில் எழுந்தன. அவ்வெண்ணெய் சித்த மருத்துவர் நன்கறிந்த நேர்வாள விதையிலிருந்து பெறப்பட்டது. முதலாவது பொருள் தொடக்கி வைப்பது, இரண்டாவது வளர்த்தெடுப்பது. அவ்வளர்ப்பு அழற்சியோடு பிணைந்தது என்பது பின்னரே தெளிவாகியது.

4

1971 இல் ஐக்கிய அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. 1976 இல் பிஷப், வார்மஸ் ஆகியோரின் ஆய்வு, புற்றுநோயைத் தூண்டவல்ல பரம்பரையலகுகளின் மூலவடிவங்கள் இயல்பான கலங்களிலேயே உள்ளன என்பதைக் காட்டியது. இது மகத்தான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வெற்றி, புற்றுநோயின் முழுக்கதையும் கட்டுமீறிய ஒரு கலத்தின் தனி வரலாறே என்ற ஒருதலைப்பட்சமான நோக்குக்கு வலுவூட்டியது. சமூகத்தைத் தனிமனிதரின் கூட்டுத்தொகையாக மாத்திரம் காணும் சிந்தனை மேலோங்கியிருந்த காலத்தில், உடலையும் அவ்வாறே காண்பது எளிதாயிற்று. அறிவியல் முடிபுகளை வர்க்க நலன்கள் நேரடியாகப் படைக்கின்றன என நாம் கூறவரவில்லை. எந்தக் கேள்விகள் முதலிற் கேட்கப்படுகின்றன, எவை ஒத்திவைக்கப்படுகின்றன என்பதிற் காலத்தின் கருத்துநிலைக்குப் பங்குண்டு என்பதே எமது வாதம்.

இதே காலத்திற்றான் ஒத்திவைக்கப்பட்ட கேள்வி மீண்டும் எழுந்தது. 1975 இல் நியூயோர்க்கில் லொயிட் ஓல்ட் முதலியோர், எலிகளின் கட்டிகளை நசியச் செய்யும் ஒரு பொருளை இனங்கண்டு, அதற்குக் கட்டி நசிவுக் காரணி எனப் பெயரிட்டனர். 1891 இல் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் பற்றீரியாவை ஊசிமூலம் ஏற்றிச் சில கட்டிகளை ஒடுக்க முயன்றதன் நெடுந்தொடர்ச்சி அது. புற்றுநோயை அழிக்கும் இயற்கை ஆயுதம் கிடைத்துவிட்டது எனப் பலர் நம்பினர். ஆனால் 1999 இல் பிரான்சஸ் போல்க்வில்லின் குழுவினர் இதற்கு நேர்மாறானதொரு முடிபை வெளியிட்டனர். அக்காரணியை உற்பத்தி செய்ய இயலாத எலிகள் தோற்கட்டிகள் தோன்றுவதை எதிர்த்து நின்றன. பெருமளவில், குறுகிய நேரம் செயற்படும்போது அழிப்பதும், சிறிதளவில், நீண்டகாலம் நிலைக்கும்போது வளர்ப்பதும் ஒரே மூலக்கூறே. அளவின் மாற்றம் பண்பின் மாற்றமாவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளப் புண் ஆறும் முறையை நோக்குதல் வேண்டும். தோலோ சவ்வோ காயமுறும்போது, அவ்விடத்திலுள்ள கலங்கள் கட்டி நசிவுக் காரணி, இன்ரர்லூக்கின்-1, இன்ரர்லூக்கின்-6 ஆகிய சைற்றோகைன்களை வெளியிடுகின்றன. குருதிக்குழாய்கள் விரிகின்றன, வெண்குருதிக்கலங்கள் வந்து கூடுகின்றன, கிருமிகள் அழிக்கப்படுகின்றன. பின்னர் புதிய கலங்கள் பெருகவும் புதிய நாளங்கள் அமையவும் செய்தி செல்கின்றது. புண் மூடியதும் அச்செய்தி அடங்குகின்றது. உறுத்தல் நாள்தோறும் தொடருமாயின் செய்தி அடங்குவதில்லை. பெருகு, பிழைத்திரு, நாளம் அமை என்ற கட்டளைகள் ஆண்டுக்கணக்கில் ஒலித்துக்கொண்டேயிருக்கும். அக்கட்டளைகளைக் கேட்கும் கலங்களுள் பிறழ்வுற்ற கலமொன்று இருந்தால் அதுவும் அவற்றாற் பயனடைகின்றது. 1986 இல் ஹரல்ட் டிவோரக் கட்டியை ஆறாத புண்ணாகக் காணுமாறு மருத்துவ உலகைக் கேட்டுக்கொண்டமை இதனாலேயாகும்.

அதே 1986 இல் இரு கண்டுபிடிப்புகள் வெளியாகின. ரஞ்சன் சென்னும் டேவிட் போல்ற்றிமோரும் என்.எஃப். கப்பா-பி எனப்படும் புரதத்தை விவரித்தனர். யப்பானில் ஹிரானோ, கிஷிமோற்றோ ஆகியோரின் குழுவினர் இன்ரர்லூக்கின்-6 இற்குரிய பரம்பரையலகைப் பிரித்தெடுத்தனர். கப்பா-பி கலத்தினுள் ஒரு தடைப்புரதத்தாற் பிணிக்கப்பட்டிருக்கும். கட்டி நசிவுக் காரணியின் செய்தி கலத்தை அடைந்ததும் தடை சிதைக்கப்படும். கப்பா-பி கருவினுட் புகுந்து, கலத்தின் இறப்பைத் தடுக்கும் பரம்பரையலகுகளையும், மேலும் சைற்றோகைன்களை உண்டாக்கும் பரம்பரையலகுகளையும் இயக்கும். இவ்வாறு அழற்சி தன்னைத்தானே வளர்க்கின்றது. இன்ரர்லூக்கின்-6 ஸ்ரற்-3 என்ற வேறொரு புரதத்தின் வழியே இதேபோன்ற பணியைச் செய்கின்றது.

2004 இல் மைக்கல் கரினின் குழுவினர் எலிகளின் பெருங்குடலில் நடத்திய ஆய்வு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். கப்பா-பியை இயக்கும் நொதியத்தைக் குடலின் மேலணிக் கலங்களில் இல்லாமற் செய்தபோது கட்டிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. வெண்குருதிக்கலங்களில் இல்லாமற் செய்தபோது கட்டிகள் சிறுத்தன. நோய் ஒரு கலத்தில் இல்லை. இருவகைக் கலங்களுக்கிடையேயுள்ள உறவில் இருக்கின்றது. 2011 இல் ஹனஹனும் வைன்பேர்க்கும் புற்றுநோயின் பொதுப்பண்புகளை மீளத் தொகுத்தபோது, கட்டியை வளர்க்கும் அழற்சியை அப்பண்புகளுக்கு வழிகோலுவனவற்றுள் ஒன்றாகச் சேர்த்தனர். 1863 இற் கூறப்பட்டது பாடநூலில் இடம்பெற ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

5

இப்பொது உண்மை வெற்றிலை மெல்லுவோரின் வாயில் எவ்வாறு செயற்படுகின்றது? பாக்கின் கரடுமுரடான நார் சவ்வை இடையறாது உராய்கின்றது. சுண்ணாம்பு சரையின் காரத்தன்மையை உயர்த்த, பாக்கிலுள்ள பொருள்கள் கலங்களைத் தாக்கவல்ல ஒட்சிசன் வடிவங்களை உண்டாக்குகின்றன. சவ்வில் அழற்சி தொடங்குகின்றது. கட்டி நசிவுக் காரணி, இன்ரர்லூக்கின்-6 முதலியன சுரக்கின்றன. மாற்றமுறு வளர்ச்சிக் காரணி-பீற்றா என்ற இன்னொரு சைற்றோகைன் நார்க்கலங்களைத் தூண்ட, அவை கொலாஜன் என்னும் நாரை மிகையாக உற்பத்தி செய்கின்றன. பாக்கிலுள்ள செப்பு அந்நார்களைப் பிணைக்கும் நொதியத்துக்குத் துணையாகின்றது. கன்னத்தின் உட்புறம் வெளிறித் தடித்து இறுகுகின்றது. உறைப்பு எரிச்சலாகின்றது, வாய் மெல்ல மெல்லத் திறக்க இயலாததாகின்றது. இதுவே வாயின் சளிச்சவ்வடி நார்மை எனப்படும் நோய். 1952 இல் ஷ்வாற்ஸ் இதனைக் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு விவரித்தார். எர்ணாகுளத்தில் இந்நோயுற்ற 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 1985 இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 7.6 வீதமானோருக்குப் புற்றுநோய் ஏற்பட்டமை தெரியவந்தது.

இறுகிய சவ்வு, பழக்கத்தைக் கைவிட்ட பின்னரும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே நோய் எக்கட்டத்தில் அறியப்படுகின்றது என்பதே வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கின்றது. புகையிலைதான் குற்றவாளி, பாக்குத் தீங்கற்றது என்ற நம்பிக்கை எம்மிடையே பரவலாக உண்டு. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் 1985 இற் புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கே போதிய சான்றுண்டு எனக் கூறியது. ஆனால் 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலையற்ற வெற்றிலைச் சரையும், பாக்குத் தானும் மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பன என அது அறிவித்தது. இலங்கையில் 2016 இற் புகையற்ற புகையிலைப் பண்டங்கள் தடைசெய்யப்பட்டன. பாக்கு தனியே அத்தடைக்குள் அடங்கவில்லை.

6

இவ்வறிவிலிருந்து எத்தகைய நடைமுறை பிறக்கின்றது? மருந்துத் தொழிற்றுறையின் விடை, சைற்றோகைனைத் தடுக்கும் மருந்து என்பதாகும். 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்புக்குள்ளான 10,061 பேருக்கு இன்ரர்லூக்கின்-1 பீற்றாவைத் தடுக்கும் மருந்து இதயநோய்த் தடுப்பு நோக்குடன் பரிசோதிக்கப்பட்டது. எதிர்பாராத வகையில், மருந்து பெற்றோரிடையே நுரையீரற் புற்றுநோயும் அதனாலான மரணமும் குறைந்திருந்தன. ஆனால் நுரையீரற் புற்றுநோய் ஏற்கெனவே தோன்றியவருக்கு அதே மருந்தைக் கொடுத்த பெரும் ஆய்வுகள் 2021, 2022 ஆம் ஆண்டுகளில் தோல்வியிலேயே முடிந்தன. நிலத்தை நச்சாக்கும் செயல் தொடர்ந்த பின்னர், விளைந்த களையிடமிருந்து ஒரு செய்தியை மாத்திரம் மறிப்பதால் வயல் மீள்வதில்லை. அத்துடன் அம்மருந்தின் விலை எமது கமக்காரரின் வாழ்நாள் வருவாயோடு ஒப்பிடத்தக்கதுமன்று.

இன்னொரு விடையும் உண்டு. 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியான இலங்கை ஆய்வொன்றில், ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் ஓராண்டில் ஏறத்தாழ 28,000 பேரின் வாயைப் பரிசோதித்தனர். பயிற்றப்பட்ட ஊழியர், வெளிச்சத்தின் துணையோடு, நோயின் முன்நிலைகளைச் சரிவர இனங்காணலாம் என்பது அதனால் நிறுவப்பட்டது. 1996 இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பெருஞ்சோதனையின் முடிபுகள் 2005 இல் வெளியாகின. புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே, வாயைக் கண்ணாற் பார்த்துச் சோதிப்பதன்மூலம் வாய்ப்புற்றுநோய் மரணங்களை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைக்கலாம் என அது காட்டியது. அடையாற்றில் 1954 இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த புற்றுநோய் நிலையமும், வறியோரைத் தேடி நோயை முன்கூட்டியே அறியும் பணியையே தன் நெறிகளுள் ஒன்றாகக் கொண்டது.

ஆயினும் 1984 ஆம் ஆண்டு ஆய்வில், மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோரிற் கணிசமானோர் சமூகமளிக்கவில்லை. இதனை அறியாமை என்று கூறிவிடுவது எளிது. அடம்பனிலிருந்து மகரகம வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். 2008 மே மாதம்வரை போர்முனையாக இருந்த ஊர் அது; மக்கள் இடம்பெயர்ந்து, போர் முடிந்த 2009 இன் பின்னரே மீளக்குடியமர்ந்தனர். அவ்வாண்டுகளில் எவரது வாயை எவர் பரிசோதித்திருக்க முடியும்? 2011 இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும், 2013 இல் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்ததும் தூரத்தைக் குறைத்துள்ளன. ஆனால் ஒருநாட் கூலியை இழந்து பேருந்தேற வேண்டியவருக்குத் தூரம் கிலோமீற்றரால் மாத்திரம் அளக்கப்படுவதன்று.

ஈண்டு முற்போக்கு இலக்கியத் திறனாய்வாளராகிய எமது தவறொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சிறுகதையிலும் நாவலிலும் உழவர் வெற்றிலை மடிக்கும் காட்சியை நாம் மண்வாசனை என்று பாராட்டினோம். கொட்டைப்பெட்டியை யதார்த்தத்தின் சான்றாகக் கணக்கிட்டோம். அப்பெட்டிக்குள் இருந்த பண்டங்களின் பொருளாதாரத்தையும், அவை மெல்லுவோரின் வாயில் ஆற்றிய வேலையையும் நாம் வாசிக்கவில்லை. மறுபுறத்தில், பழக்கத்தை விடாதவர் என்று நோயாளியைக் குற்றஞ்சாட்டும் சுகாதாரப் பிரசாரமும் அதே காட்சியின் பாதியையே காண்கின்றது. பசியையும் களைப்பையும் விட்டுவைத்துவிட்டு வெற்றிலையை மாத்திரம் விலக்கச் சொல்வது, அழற்சியை விட்டுவைத்துக் கலத்தை மாத்திரம் நோக்குவதற்கு ஒப்பாகும்.

ஆகவே நாம் வந்தடையும் முடிபு இதுவே. புற்றுக்கலம் தனியாக வளர்வதில்லை என்பதை அறிவியல் வரலாறு நிறுவியுள்ளது. நோயாளியும் தனியாக நோயுறுவதில்லை என்பதைச் சமூக வரலாறு நிறுவுதல் வேண்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது எம்மவர் பழமொழி. பாக்கின் தீங்கை ஊரறியச் செய்தல், வயலில் ஓய்வுக்கும் உணவுக்குமான உரிமையைக் கோருதல், ஆண்டுக்கொருமுறை வாய்ப் பரிசோதனையைக் கிராமத்துக்கே கொண்டுவருதல் ஆகியன கமக்காரர் சங்கங்களும் சுகாதார ஊழியரும் ஆசிரியரும் ஒன்றுதிரண்டு செய்யக்கூடியவை. புண் சிறிதாயிருக்கும்போதே அதனைப் பார்க்கும் கண்கள் ஊருக்குள் இருத்தல் வேண்டும்.